இரண்டு பெட்டி, நாற்பத்தாறு கிலோ

கீழ்வீட்டு அக்காவுக்கு முடியாது என்று சொல்ல வராது. அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் "குடு" என்பார், இல்லாவிட்டால் "நான் பாத்துக்கறேன் வுடு" என்பார். கேட்டவர் யாரென்று சரியாகத் தெரியாவிட்டாலும் அதே பதில்தான்.

கொரட்டூரில் ஏரிப் பக்கம் எங்கள் கட்டடம். எட்டு வீடுகள். ஏழு வீட்டுக்காரர்கள் என்னைப்போல வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, லோன் போட்டு வாங்கியவர்கள். அவர் மட்டும்தான் அந்த இடத்துக்காரர். அவருடைய கணவரின் பழைய வீட்டை இடித்துவிட்டுத்தான் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். பில்டர் அவருக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடும், கார் நிறுத்த ஓர் இடமும் கொடுத்திருந்தார். அக்காவிடம் ஏது கார்? இரண்டாவது மாடி சார், பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், தன்னுடைய இரண்டாவது காரை அங்கே விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். "தாராளமா வுடுங்க சார்" என்றார் அக்கா. அந்தக் கார் நின்றால் அவருடைய படுக்கையறை ஜன்னலின் ஒரு கதவைத் திறக்க முடியாது. மே மாதத்திலும் அது மூடியே கிடந்தது. நான் கேட்டதற்கு, "ஃபேன் கீதுல்ல பாப்பா" என்றார்.

என்னைவிட இருபது வயது பெரியவர். என்னை பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, தலையில் நரை விழுந்த பிறகும் பாப்பாதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூலை வெட்டி, பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலை. யாருக்காவது ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் விழுந்து, வர முடியாமல் போனால் பதிலுக்கு அக்கா போய் நிற்பார். அவர் கணவர் இறந்தது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில். திடீரென்று நெஞ்சுவலி. வீட்டில் பத்து வயது மகள் தேவி மட்டும் இருந்தாள். அவள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதை அக்கா என்னிடம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"அன்னிக்கு என்னோட முறையே இல்ல. கூட வேல செய்ற பொண்ணுக்கு வளைகாப்பு. அவ எப்டி வருவா சொல்லு? நான் போய்ட்டேன்."

அந்தக் குரலில் துக்கம் இருந்தது. கோபம் துளியும் இல்லை. முகம் தெரியாத அந்த வளைகாப்புப் பெண்மீது எனக்குத்தான் கோபம் வந்தது.

தேவி நன்றாகப் படித்தாள். கல்யாணமாகிக் கனடா போனாள். டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். என் தம்பியும் அங்கே இருபது நிமிஷத் தொலைவில்தான் இருக்கிறான். தேவி உண்டானதும், பிரசவத்துக்கு அம்மா வரவேண்டும், ஆறு மாதம் கூடவே இருக்கவேண்டும் என்று சொல்லி டிக்கெட் போட்டாள். அக்டோபர் கடைசியில் பயணம். அக்கா அதுவரை விமானத்தை வீட்டு மாடியில் நின்றுதான் பார்த்திருக்கிறார்.

பெட்டி வாங்க நானும் அவரும் பாரிமுனைக்குப் போனோம். இரண்டு பெரிய பெட்டிகளை வாங்கி, வீட்டில் கொண்டுவந்து போடச் சொல்லிவிட்டு, பிரசவ மருந்துச் சாமான்களோடு மின்சார ரயிலில் திரும்பினோம். அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் கதவருகே நின்றுகொண்டேன். வழியில் ஏறிய பெண்கள் ஒவ்வொருவராக, "கொஞ்சம் வெச்சுக்கோங்கம்மா" என்று தங்கள் பைகளை அவர் மடியில் வைத்தார்கள். கம்ப்யூட்டர் பை, டிபன் பை, காய்கறிப் பை. வில்லிவாக்கம் தாண்டும்போது அவர் கழுத்து வரை பை. கொரட்டூரில் நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். நகர்கிற ரயிலின் ஜன்னலில் அவர் முகம் போய்க்கொண்டிருந்தது.

பட்டரவாக்கத்தில் இறங்கி, அடுத்த ரயில் பிடித்து முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். "ஏங்கா, எழுந்திருக்க வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தேன்.

"எந்திரிச்சா அவுங்க பையெல்லாம் கீழ வுழுந்துடாதா?" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லி இன்னொரு தடவை சிரித்தேன்.

மூன்று வாரம் அந்த இரண்டு பெட்டிகளும் அவருடைய ஹாலில் திறந்து கிடந்தன. பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோ. அதற்குமேல் ஒரு கிலோ போனாலும் ஏர்போர்ட்டில் பிரித்துப் போடவேண்டியிருக்கும் என்று தேவி பயமுறுத்தியிருந்தாள். பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற சின்னத் தராசு ஒன்று என்னிடம் இருந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் கீழே போய், அவரோடு சேர்ந்து எடை பார்ப்பதுதான் அப்போது என் பொழுதுபோக்கு.

தேவி அனுப்பிய பட்டியல் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்தது. பிரசவ லேகியம், வசம்பு, உரித்துக் காயவைத்த பூண்டு, குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவையில் கிழித்துத் தைத்த துணிகள். அந்தத் துணிகளை அக்காவே தைத்தார். ஐம்பது துணி. ஓரம் மடித்து, ஒரு நூல் பிசிறில்லாமல். அவருக்கென்று இருந்தவை கொஞ்சம்தான். ஆறு புடவை, நைட்டி, இரண்டு ஸ்வெட்டர், முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க ரப்பர் பை ஒன்று. அப்புறம் மாத்திரைகள். அவருக்கு பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. இதயத்துக்கு வேறு ஒரு மாத்திரை தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கு வேண்டியதை நான்தான் கூடப் போய் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நீலத் துணிப்பை நிறைய வந்தது.

"அங்க செம குளுராமே. ரெண்டு ஸ்வெட்டரும் வேணுமா பாப்பா, ஒண்ணு போதுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணு போதும்கா. அங்க போனதும் தேவி வாங்கித் தருவா." கனடாவைக் கண்ணால் பார்த்திராத நான் அப்படித்தான் சொன்னேன்.

அக்கா கனடா போகிறார் என்பது கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டாவது மாடி சாரின் மகனும் அங்கேதான் இருக்கிறான். அவர் மனைவி ஒரு பெரிய பாட்டில் நெல்லிக்காய் ஊறுகாயும் குக்கர் மூடியும் கொண்டு வந்தார். "மூடி மட்டும் அங்க கிடைக்கவே மாட்டேங்குதாம்." ஒரு ஸ்வெட்டர் வெளியே போனது. முதல் மாடியில் இருப்பவர், கனடாவில் இருக்கும் தன் மகளுக்கு இரண்டு கிலோ முறுக்கும், அவள் படித்த காலத்துப் புத்தகங்கள் மூன்றும் கொடுத்தார். புடவைகள் ஆறில் மூன்று போயின. ஒவ்வொன்றுக்கும் அக்கா "குடு" என்றார். நான் எடை பார்த்தேன். முள் இருபத்துமூன்றைத் தொடும் வரை எதை எடுக்கலாம் என்று நானே யோசனையும் சொன்னேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என் தம்பி மனைவி போன் செய்தாள். எங்கள் அம்மா வைத்திருந்த பித்தளை இடியாப்ப நாழி அவளுக்கு வேண்டுமாம். அங்கே கிடைப்பதெல்லாம் சரியில்லையாம். கெட்டிப் பித்தளை; கையில் எடுத்தால் மணிக்கட்டு வலிக்கும். பெட்டி நிறைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். முதல் நாள்தான் நான் எடை பார்த்திருந்தேன். இருந்தாலும் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

"அக்கா, இது ஒண்ணு மட்டும்..."

அவர் நாழியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் குனிந்து, ரப்பர் பையை எடுத்தார். நீலப் பையையும் எடுத்து, அதற்குள் கைவிட்டுக் கொஞ்சம் அட்டைகளை உருவி ஹேண்ட்பேக்கில் திணித்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"குடு பாப்பா" என்றார்.

அது மாத்திரைப் பை என்று எனக்குத் தெரியும். நான்தானே வாங்கிக் கொடுத்தேன். ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கேட்டால் நாழியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும். நான் கேட்கவில்லை.

நவம்பரில் தேவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்கா கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிற போட்டோவை தேவி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கொண்டுபோன ஒற்றை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருந்தார். என் தம்பி முதல் வாரமே காரை எடுத்துக்கொண்டு போய் நாழியை வாங்கி வந்துவிட்டான். இடியாப்பம் நூல் நூலாக வருகிறது என்று அவன் மனைவி ஒரு வீடியோவும் அனுப்பினாள்.

டிசம்பர் பத்து வாக்கில் ஒரு காலை, நான் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் அக்கா கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பாப்பா, ஊட்டு சாவி உங்கிட்டதானே கீது? கட்டிலுக்கு அடியில நீலப் பை ஒண்ணு கீது. யார்னா இங்க வந்தாங்கன்னா குடுத்து அனுப்பறியா?"

"மாத்திரை தீந்துடுச்சாக்கா?"

"தீரல. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கினு கீறேன். இங்க மருந்துக் கடையில சும்மா கேட்டா தரமாட்டானாம். டாக்டரப் பாக்கணுமாம்."

"தேவிகிட்ட சொல்லுங்க, கூட்டிட்டுப் போவா."

"ஐயோ, அவகிட்ட சொல்லாத. பச்ச ஒடம்புக்காரி. ராவெல்லாம் கொழந்த தூங்க வுடறதில்ல. மாப்ள இன்னா நெனப்பாரு? பிரசவம் பாக்க வந்துட்டு எனக்கு வைத்தியம் பாருன்னு நிக்கறதா? சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லலைக்கா" என்றேன்.

அன்றைக்கே கீழே போய்ப் பையை எடுத்தேன். நாலு மாத மாத்திரை அப்படியே இருந்தது. இரண்டாவது மாடி சாரின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பத்து நாளில் திரும்பப் போகிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான்.

"மத்தவங்க மருந்தை எடுத்துட்டுப் போனா கஸ்டம்ஸ்ல கேள்வி கேட்பாங்கக்கா. அதுவும் இல்லாம எங்களுக்கே லக்கேஜ் முட்டிக்கிட்டு இருக்கு."

அவன் அம்மா உள்ளேயிருந்து, "மருந்து விஷயம் ரிஸ்க்மா, தப்பா எடுத்துக்காத" என்றார். முதல் மாடிக்காரர் தன் மகள் வேறு ஊரில் இருக்கிறாள், ஜனவரியில் தன் தம்பி அங்கே போவார், அப்போது கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஜனவரியில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

தம்பியிடம் சொன்னேன். ஒரு எட்டுப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஏதாவது கிளினிக்கில் காட்டு என்றேன். இந்த வாரக் கடைசியில் பார்க்கிறேன் என்றான். அந்த வாரக் கடைசியில் பனி கொட்டியது. அடுத்த வாரம் அவன் பையனுக்கு ஜுரம். அப்புறம் நான் கேட்பதையும் அவன் சொல்வதையும் இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

கூரியரில் அனுப்பலாம் என்று போனால், டாக்டர் கடிதமும் பில்லும் வேண்டும் என்றார்கள். பில் என்னிடம் இல்லை. டாக்டர் ஊரில் இல்லை. ஆபீஸில் வருஷக் கடைசி நெருக்கடி. கடிதம் வாங்கவே எனக்கு இரண்டரை வாரம் ஆனது. அனுப்பிய பார்சல் அங்கே போய் ஏதோ ஒரு கிடங்கில் நின்றது. தினமும் போனில் பார்ப்பேன். பரிசோதனையில் உள்ளது என்றே வரும்.

நடுவில் ஒருநாள் தேவி குழந்தை சிரிக்கிற போட்டோ அனுப்பினாள். 'அம்மாவுக்கு மாத்திரை இருக்கா என்று பார்' என்று எழுதினேன். அனுப்பவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதை அழித்துவிட்டு ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினேன். உண்மையான காரணம், ஏன் மாத்திரையை விட்டுவிட்டு வந்தார் என்று தேவி கேட்பாள் என்பதுதான்.

ஜனவரி கடைசியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு திரும்பவில்லை. அங்கேயே காரியம் செய்துவிட்டார்கள். அவரைத் தெரிந்தவர்களில் என் தம்பி ஒருவன்தான் போயிருந்தான்.

இங்கே கட்டடத்து மாடியில் எல்லாரும் கூடி அஞ்சலி செலுத்தினோம். இரண்டாவது மாடி சார் நெஞ்சு நெகிழப் பேசினார். யாருக்கும் இல்லை என்று சொல்லாத ஆத்மா என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். பார்சல் மார்ச்சில் என் விலாசத்துக்கே திரும்பி வந்தது. பிரித்துப் பார்க்காமல் பீரோவில் வைத்தேன்.

ஜூனில் தேவி வந்தாள், வீட்டைக் காலி செய்ய. குழந்தைக்கு ஏழு மாதம். அக்காவின் சாடை நெற்றியில் அப்படியே இருந்தது. பாத்திரங்களை யாருக்குக் கொடுப்பது, புடவைகளை என்ன செய்வது என்று நானும் உடன் இருந்து ஒழித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், குழந்தை ஹாலில் விரிப்பின்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. தேவி வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்க டாக்டர் கேட்டாருக்கா, கடைசியா எப்போ மாத்திரை போட்டாங்கன்னு. எனக்குத் தெரியல. பையில பாத்தா காலி அட்டைங்க மட்டும்தான் இருந்துச்சு. மாத்திரை தீந்துட்ட விஷயம் அம்மா உங்ககிட்ட எதுனா சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அன்றைக்கு ஏனோ என்னால் முடியவில்லை. நாழி கொண்டுபோனது, அவர் நீலப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது, டிசம்பரில் போன் வந்தது, நான் யார் யாரிடம் போனேன், எதைத் தட்டச்சு செய்து அழித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். மாடிக்குப் போய் பார்சலையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். கத்துவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவள் பார்சலைத் தொடவில்லை.

"டிசம்பர் பத்தா?"

"ஆமா."

"ஜனவரி இருபத்தெட்டுல விழுந்தாங்க." விரலை மடக்கி வாரங்களை எண்ணினாள். "அவ்ளோ நாளும் நான் பக்கத்து ரூம்லதான்க்கா இருந்தேன். தெனம் மூணு வேள அம்மா கையால சாப்ட்டேன். ஒரு நாள் கூட, நீ மாத்திரை போட்டியாம்மான்னு நான் கேக்கல."

சொன்னால் என் மனம் கொஞ்சமாவது ஆறும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அப்படி ஒன்றும் ஆறவில்லை. இப்போது அவளும் என்னைப்போல நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள், அவ்வளவுதான்.

"அம்மா போன்ல என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். "அவகிட்ட சொல்லாத. பச்ச ஒடம்புக்காரி. ராவெல்லாம் கொழந்த தூங்க வுடறதில்ல."

"இன்னொரு வாட்டி."

மறுபடி சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. கைகாலை உதைத்து வீறிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுங்கக்கா" என்றாள்.